செம்பாக்கத்து ஆட்டுப்பாலில் அயோடின்

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், மேல்தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆனது. கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, காபி போட்டு, மாடி அறைக்கு வெளியே இருந்த ஸ்டூலில் டம்ளரை வைத்தேன். கதவை இரண்டு முறை தட்டிவிட்டு ஏழு படி கீழே இறங்கி நின்றேன். கதவு திறந்தது, டம்ளர் உள்ளே போனது, கதவு மூடியது. என் மனைவி மருத்துவமனையிலிருந்து வந்து அன்று பத்தாம் நாள். பத்து நாளும் இதே முறைதான்.

அவளுக்குக் கழுத்தில் தைராய்டுச் சுரப்பியில் புற்றுநோய் வந்து, சுரப்பியை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருக்கும் திசுவை அழிக்க, கதிரியக்க அயோடின் உள்ள ஒரு மாத்திரையை விழுங்கக் கொடுத்தார்கள். விழுங்கியவரின் உடலிலிருந்து சில நாள் கதிர் வெளிவரும். வியர்வையிலும் எச்சிலிலும் சிறுநீரிலும் அயோடின் கலந்து வரும். அதனால் மூன்று நாள் மருத்துவமனைத் தனியறை, பிறகு இரண்டு வாரம் வீட்டில் தனியறை. குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கமே போகக் கூடாது.

மற்றவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்கும். எனக்கு இது பிழைப்பு. வண்டலூரைத் தாண்டி இருக்கும் ஒரு சிறிய ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். தாம்பரத்தைச் சுற்றியுள்ள காற்று, மழைநீர், மண், புல், பால் ஆகியவற்றில் கதிரியக்கம் இருக்கிறதா என்று அளப்பது எங்கள் வேலை. எங்காவது அணு வெடித்தாலோ, உலையில் விபத்து நேர்ந்தாலோ, மேலே கிளம்பும் தூசி காற்றோடு போகும். பெரிய துகள்கள் பக்கத்திலேயே விழும். மாவு போன்றவை பல நாள் மிதந்து, எல்லை எதையும் பார்க்காமல் ஆயிரக்கணக்கான மைல் போகும். வழியில் எங்கே மழை பெய்கிறதோ அங்கே ஒரே மூச்சில் இறங்கிவிடும். அதனால் ஒரு ஊரில் ஒன்றுமே இருக்காது, பக்கத்து ஊரில் தெருவெல்லாம் படிந்திருக்கும்.

இதற்காக ஆய்வக மாடியில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறோம். விழுந்த தூசி மறுபடி பறந்துவிடாமல் இருக்க அதில் ஒரு விரல்கடை தண்ணீர் நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அந்தத் தண்ணீரை வற்றவைத்து அடியில் தங்கியதை அளப்போம். மண்ணில் மட்டும் பழைய சீசியம் கொஞ்சம் கிடைக்கும். நான் பிறப்பதற்கு முன்பு உலகத்தின் வேறு மூலைகளில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் மிச்சம் அது. மற்றபடி என் பதிவேடுகளில் நான் அதிகம் எழுதிய சொல் 'கண்டறியப்படவில்லை'.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் பாடமும் ஒன்றுதான். தூசி புல்லின் மேல் படிகிறது. ஒரு மாடோ ஆடோ நாள் முழுக்க மேய்ந்து, பரந்த இடத்தில் மெல்லியதாகக் கிடந்ததை ஒரு வயிற்றுக்குள் சேர்க்கிறது. அயோடின் பாலுக்குப் போகிறது. பசுவைவிட ஆட்டின் பாலில் அது அதிகமாக இறங்கும். பாலைக் குழந்தை குடிக்கிறது. குழந்தையின் தைராய்டு ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். வந்த அயோடினையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வானத்திலிருந்து குழந்தையின் கழுத்துக்குப் புல், ஆடு, பால் என்று மூன்றே படி. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அதனால் மனைவி வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒரு பட்டியல் தயாரித்தேன். மருத்துவமனையில் ஆங்கிலத்தில் கொடுத்த குறிப்பைத் தமிழில் எழுதி, அவள் அறையிலிருந்து வெளியே வரக்கூடிய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டேன். மொத்தம் இருபத்திரண்டு வரி. துணி, துண்டு, சீப்பில் வரும் முடி, செல்போன், தட்டு, டம்ளர், குப்பை. அவள் அறைக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டும் மாடியிலேயே கழிப்பறையும் இருந்தது வசதி. பட்டியலை அறைக் கதவில் ஒட்டினேன்.

"பரோல்ல வந்த கைதிக்குக் கூட இவ்ளோ சட்டம் கிடையாதுங்க" என்றாள் அவள் கதவுக்குப் பின்னாலிருந்து.

அன்று காலை 8.35க்கு ஆய்வகம் போய்ச் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை மூன்று இடங்களில் பால் எடுத்திருந்தேன். பெருங்களத்தூரில் பசும்பால், முடிச்சூரிலும் செம்பாக்கத்திலும் ஆட்டுப்பால். லேபிளில் பெயர் எழுத மாட்டோம். பசு 1, ஆடு 2, ஆடு 3. காரீயக் கட்டிகளுக்கு நடுவே இருக்கும் கருவியில் ஒவ்வொன்றாக வைத்து அளப்போம். கடைசியாக வைத்த ஆடு 3 இரவு முழுக்க உள்ளே இருந்தது.

எங்கள் அதிகாரி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு, உட்காராமல், "சார், இத வந்து பாருங்க" என்றார்.

திரையில் ஓடிய கோட்டில் ஒரு முகடு ஒல்லியாக, நேராக, தெளிவாக எழுந்திருந்தது. படத்திலும் பயிற்சியிலும் பார்த்திருக்கிறேன். எங்கள் பாலில் பார்த்ததில்லை. அயோடின் 131, கதிரியக்க அயோடின்.

"எந்த மாதிரி?"

"ஆடு மூணு."

நியூஸில் ஏதாவது வந்ததா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். திங்கட்கிழமை மாலை மழை பெய்திருந்தது.

"யாருக்கும் போன் பண்றதுக்கு முன்னாடி நம்ம தட்டைப் பாத்துடுவோம்" என்றார் மேடம்.

பார்த்தோம். மழைத் தட்டில் இல்லை. காற்றை உறிஞ்சும் கருவியின் வடிதாளில் இல்லை. பசு 1இல் இல்லை. ஆடு 2இல் இல்லை. வானத்திலிருந்து வந்திருந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சமாவது இருக்க வேண்டும். அயோடின் மட்டும் தனியாகவும் வராது. சீசியம் போன்றவை துணைக்கு வரும். ஒரே ஆட்டின் பாலில் அயோடின் மட்டும் இருந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வீட்ல அயோடின் குடுத்திருக்காங்க. உங்க கையிலேர்ந்து பாட்டிலுக்கு வந்திருக்கலாம்."

"நானே சொல்லலாம்னு இருந்தேன். அளந்துடுங்க."

கை, சட்டை, செருப்பு, ஸ்கூட்டர் சாவி, பால் எடுக்கும் பை என்று எல்லாவற்றையும் அளந்தார். எதிலும் இல்லை. பாட்டிலின் வெளிப்பக்கமும் சுத்தம். பாலுக்குள்தான் இருந்தது. அதாவது ஆட்டுக்குள் போய், ஆட்டிலிருந்து வந்திருக்கிறது. என் பட்டியல் சரியாக வேலை செய்திருக்கிறது என்று எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்ததை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அது ஒரு நிமிடம் கூட நீடிக்கவில்லை.

"இந்த ஆடு என்ன திங்குது?" என்றார்.

"ஏரிக்கரைப் புல். அகத்திக்கீரை. அப்புறம் தவிடு போட்டுக் கழுநீர்."

"யார் வீட்டுக் கழுநீர்?"

"தெருவுல நாலு வீடு. அதுல ஒண்ணு எங்க வீடு."

எங்கள் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில் போகும். தினமும் மூன்று மணிக்கு, எங்கள் தெருவிலேயே அந்த ஆட்டை வளர்க்கும் ஆட்டுக்காரப் பெண் வந்து தன் வாளியில் கவிழ்த்துக்கொண்டு போவாள். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்த வாளியை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. அது மனைவியின் பொறுப்பில் இருந்தது.

மேடம் முன்னாலேயே வீட்டுக்குப் போன் செய்தேன்.

"மதியம் சாப்பாடு மிஞ்சினா என்ன பண்றே?"

"ஏன், சாம்பார்ல உப்பு அதிகம்னு எழுதி வைக்கலியே நான்?"

"பதில் சொல்லு."

"மாத்திரைக்கு அப்புறம் எதைத் தின்னாலும் இரும்பு மாதிரி இருக்குங்க. பாதி கூட இறங்கல. தட்டுல தண்ணி ஊத்தி அலசி, ரெண்டு மணிக்குத் தெருவுல ஈ காக்கா இல்லாதப்போ வெளிப்படியால இறங்கி வாளியில ஊத்திட்டு வந்துடுவேன். யார் கண்ணுலயும் படல. சட்டப்படிதான் நடந்துக்கறேன்."

"குப்பையெல்லாம் தனிப் பையிலன்னு எழுதியிருந்தேனே."

"குப்பை போடறேனே. பழத்தோல், டிஷ்யூ, மாத்திரை அட்டை எல்லாம் அதுலதான் இருக்கு. சோத்தைப் போய்க் குப்பையில போடுவாங்களா?"

மருத்துவமனைக் குறிப்பில் மிஞ்சிய உணவுக்குத் தனி வரி இருந்தது. இடம் பற்றவில்லை என்று நான்தான் அதைக் குப்பை என்ற வரிக்குள் அடக்கினேன். அவளுடைய எச்சில் பட்ட சோறு வாளிக்குப் போய், வாளியிலிருந்து ஆட்டுக்குப் போய், பாலுக்குப் போயிருக்கிறது. நான் வகுப்பில் சொல்லும் மூன்று படியில் புல்லுக்குப் பதிலாக என் வீட்டு வாளி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அந்தப் பாலை யார் குடிக்கிறாங்க சார்?" என்றார் மேடம்.

"ஒரு குழந்தை. ரெண்டு வயசு."

"நீங்க கிளம்புங்க. மதியப் பால் உள்ள போகக் கூடாது. நான் சாயங்காலம் வண்டி அனுப்பறேன். குழந்தைய இங்க கொண்டுவந்து அளந்துடலாம்."

11.40க்கு ஆட்டுக்காரப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றேன். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். கணவர் வேளச்சேரி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தை. பசும்பாலோ பாக்கெட் பாலோ கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்பதால்தான் அந்த ஆட்டையே வாங்கினார்கள். குழந்தை தையல் மிஷினுக்குக் கீழே வெட்டுத்துணிகளைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"இன்னா சார், நேத்துதான பால் எடுத்துகினு போனீங்க? எங்க ஆடு ஃபெயிலா?"

"பாப்பா இன்னைக்குப் பால் குடிச்சாச்சாம்மா?"

"காத்தால ஒரு டம்ளரு. மிச்சம் அங்க கீது, அடுப்பாண்ட."

"அதைக் குடுக்காத. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டு."

வரிசையாகச் சொன்னேன். மாத்திரை, தட்டு, வாளி, ஆடு, பால். அவள் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி கேட்டாள்.

"ஏரிக்கரை பூரா மேயுது, பாலிதீன் கவர்லாம் கூட துன்னுது, அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆவல. அக்கா வூட்டு சோறுலயா சார்?"

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது. பால்ல வந்திருக்கு."

"அக்காக்கு கழுத்துல ஆபரேசன் பண்ணாங்களே. அந்த மருந்தா?"

"ஆமா."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதன் தாடையை நிமிர்த்திக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். குழந்தைக்குக் கூச்சமாக இருந்து சிரித்தது.

"இத்தினி நாளா குடிச்சிகினு கீறா சார். ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லு சார். நீதான அளக்கறவன். வாயத் தொறந்து சொல்லு."

"ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா அளக்காம சொல்ல மாட்டேன். சாயங்காலம் அளந்துடலாம்."

"நெனைக்கிறியா? மாசாமாசம் வந்து பாட்டில நீட்டி நீட்டி எடுத்துகினு போறியே, உன் வூட்டு வாளிய ஒரு வாட்டி அளந்தியா?"

இல்லை என்றேன். அடுப்பருகே இருந்த பாலை பாட்டிலில் ஊற்றி மூடி, லேபிள் ஒட்டி எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நீல வாளியைக் கையுறை போட்டுத் தூக்கி, பையில் கட்டி, மாடியில் இருந்த இன்னொரு அறையில் வைத்துப் பூட்டினேன். கதவில் இருந்த பட்டியலில் இருபத்து மூன்றாவது வரியாக மிஞ்சிய உணவை எழுதினேன். உள்ளே மனைவி அழுவது கேட்டது. அவளைத் தொட முடியாது. படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உன் தப்பு இல்ல. நான் எழுதினது சரியில்ல" என்றேன்.

"யார் எழுதினா என்ன? ஊத்தினது நான்தானே" என்றாள். மதியம் வைத்த சாப்பாட்டை அவள் எடுக்கவில்லை.

4.45க்கு வண்டி வந்தது. ஆட்டுக்காரப் பெண், குழந்தை, நான் மூவரும் போனோம். ஆய்வகத்தில் ஒரு நாற்காலியில் அவளை உட்காரவைத்து, குழந்தையை மடியில் வைத்து, கழுத்துக்கு நேராகக் கருவியை நிறுத்தினார் மேடம். கால் மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை எப்படி இருக்கும்? முதல் முறை நான்கு நிமிடத்தில் கருவியைப் பிடித்து இழுத்தது. இரண்டாம் முறை மேடத்தின் மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டது. மூன்றாம் முறை அவள் தன் போனில் யானைப் பாட்டு வீடியோ போட்டுக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். யானை ஆறு முறை ஆடி முடிக்கும்வரை குழந்தை அசையவில்லை.

மேடம் எண்களை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரொம்பக் கொஞ்சம். இதுக்கு மருந்து எதுவும் தேவையில்ல. இந்தப் பாலை நிறுத்திட்டா போதும். உள்ள இருக்கிறது எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியா, பாதில பாதியான்னு குறைஞ்சுகிட்டே போகும். ரெண்டு மாசம் கழிச்சு நான் தேடினாலும் கிடைக்காது. நடுவுல ரெண்டு தடவை கூட்டிட்டு வாங்க, திரும்பவும் அளந்து காட்டறேன்."

"உங்க புள்ளையா இருந்தா இன்னா பண்ணுவீங்க மேடம்?"

"பாலை மாத்திட்டு வேலைக்கு வந்துடுவேன்."

அவள் குழந்தையின் கையிலிருந்து மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் தன் முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

6.50க்கு எங்கள் தெருவுக்குத் திரும்பினோம். மாடி ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள்.

"பாப்பாக்கு என்னடி சொன்னாங்க?" என்று மேலிருந்து கத்தினாள். இரண்டு வீட்டில் லைட் எரிந்தது.

"நல்லா கீறா. மாத்திரை கூட வேணான்னுட்டாங்க."

"என்னை மன்னிச்சுடுடி."

"மன்னிக்கறது இருக்கட்டும். இத்தினி வருசத்துல உங்க வூட்டு கழுநீர ஒரு நாள் கொற சொல்லிகீறனா? இப்ப சொல்றேன். ஒரு ரெண்டு மாசத்துக்கு உங்க சோத்த நீங்களே துன்னுங்க. தட்டுல ஒரு பருக்க இருந்துச்சு, நானே மேல ஏறி வருவேன்."

"ஏறி வராதடி, பாப்பாவைத் தூக்கிட்டு அந்தாண்ட போ" என்றாள் மனைவி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து புரையேறி இருமினாள். அன்றிரவு அவள் தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆனால் வீட்டுக்குள் போகும் முன் அந்தப் பெண் என்னிடம் கேட்டதுதான் மிச்சம் இருந்தது. "காத்தாலைக்கு பாப்பாக்கு இன்னா குடுக்கறது? பாக்கெட் பாலுன்னா புடுங்கிக்கும். இந்த ஆட்ட கறக்காம வுட்டா மடி கட்டிக்கும். சொல்லு சார்."

பதிவேட்டைத் திறந்து பார்க்கத் தேவையில்லாத பதில் அது. ஆடு 2, முடிச்சூர், கண்டறியப்படவில்லை. அந்த ஆட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்தேன். அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய். பட்டறைக்குப் பின்னால் ஐந்து ஆடுகள்.

"தினம் அரை லிட்டரா? இன்னா சார், கவர்மென்ட்ல உங்களுக்குப் பால் பாயசம் செய்யச் சொல்லிட்டாங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அஞ்சு மணிக்கு வாங்க சார். கறந்து வெக்கிறேன்" என்றார்.

இரவு 8.30க்கு நாட்குறிப்பு எழுதினேன். ஆய்வகப் பதிவேட்டில் ஆடு 3க்கு நேரே காரணம் என்ற கட்டத்தில் மேடம் எதையும் எழுதாமல் எனக்கு விட்டிருந்தார். 'மாதிரி எடுப்பவரின் வீட்டுக் கழுநீர்' என்று மாலையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை. 4.20க்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை, காபி போடவில்லை. கழுவிக் காயவைத்த தூக்கு ஒன்றையும், காலி பாட்டில் ஒன்றையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு முடிச்சூர் போனேன். பாய் என் கண்ணெதிரே கறந்து கொடுத்தார். 5.35க்கு ஆட்டுக்காரப் பெண்ணின் வாசலில் நின்றேன். குழந்தை இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் தூக்கை வாங்கி, திறந்து, மோந்து பார்த்தாள்.

"இது பாஸா?"

"பாஸ். நானே அளந்தது."

உள்ளே போய்த் தன் ஆட்டில் அப்போதுதான் கறந்த பாலைச் சொம்போடு கொண்டுவந்தாள். நுரை அடங்கவில்லை.

"இந்தா சார், உன் வூட்டு பாலு. எடுத்துகினு போ."

இரண்டு கையாலும் வாங்கி, சிந்தாமல் பாட்டிலில் ஊற்றி மூடினேன். ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து லேபிள் எழுதினேன்: ஆடு 3, 8.8.2024, காலை 5.40, சுமார் 400 மில்லி.